பசங்க ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? ரக்பி லீக் ஆடும் நம்ம ஊர்க்காரர்கள் பதில் சொல்லுங்கள்

மண்டபம் கார்னர்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கபடி அணியைப் பார்த்துக்கொள்கிறேன். பதினாறு பதினேழு வயதில் உயிரைக் கொடுத்து ஆடுகிற பசங்க, இருபத்திரண்டு இருபத்திமூன்று ஆனதும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். காயம் பட்டு நிற்பவன் குறைவு. கேட்டால் "கடலுக்குப் போகணும்ணே", "வீட்ல திட்டுறாங்கண்ணே" என்பார்கள். ஆனால் அதே பையன் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் புரோ கபடி பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு ரெய்டு விடாமல். அப்படியென்றால் நேரமும் இருக்கிறது, ஆட்டத்தின் மேல் ஆசையும் இருக்கிறது, களத்தில் இறங்கத்தான் மனசு இல்லை.

புது ஜெர்சி எடுத்தோம், ஷூ வாங்கிக் கொடுத்தோம், பரிசுத்தொகை பெரிதாக உள்ள மின்னொளிப் போட்டிகளாகப் பார்த்துப் போனோம். ஒரு சீசன் கூட்டம் வந்தது, அப்புறம் பழையபடி.

ரக்பி லீக்கை ஏன் கேட்கிறேன் என்றால், இந்தக் குழுவில் கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் இங்கிலாந்தில் அந்த ஆட்டம் ஆடுவதாகப் படம் போட்டிருந்தார். மழையில் சேற்றில் மோதிக்கொள்கிறார்கள், ஒரு பைசா வருமானம் இல்லை, சந்தாவைக் கையிலிருந்து கட்டி ஆடுகிறார்களாம். பிடித்து மடக்கும் ஆட்டம் என்பதால் நம்ம கபடிக்கு அது ரொம்பத் தூரமும் இல்லை. அங்கே ஒருவனை முப்பத்தைந்து வயது வரை நிறுத்தி வைப்பது எது? காசில்லாத இடத்தில் திருப்தி எங்கிருந்து வருகிறது? ஆடுகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரை டு வேக்ஃபீல்டு

தம்பி, படம் போட்ட ஆள் நான்தான். வேக்ஃபீல்டில் கிடங்கு வேலை, கூட வேலை பார்க்கிற ஒருவன் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டான். ஊரில் நான் கபடியில் கார்னர், அதாவது வரிசையின் ஓரத்தில் நின்று பிடிக்கிற இடம், ஆடியவன் என்பதால் கணுக்காலைப் பிடிப்பது கைவந்த கலை, அதனால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் 13 பேர், 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் பந்து ஒரே பக்கம் தேங்காது, எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் பிடிக்க வேண்டும். ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. முன்வரிசையில் ப்ராப் என்று இரண்டு தடியர்கள் இருப்பார்கள். பந்தை வாங்கி எதிரே நிற்கும் மூன்று பேர் மேல் நேராக ஓடி மோதி, எட்டுப் பத்து மீட்டர் முன்னே கொண்டுபோய் விழுந்து, எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடி வரிசைக்கு ஓட வேண்டும். திரும்பத் திரும்ப இதுதான் அவன் பிழைப்பு. சீசன் முழுக்க ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பாயிண்ட் எடுப்பது) கூட அடிக்க மாட்டான்.

ஆனால் அவன் நிற்க மாட்டான். ஏன் தெரியுமா? எங்கள் மைதானத்தில் கோட்டோரம் ஒரு பெரியவர் நிற்பார். மழைக்காகத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, உறைக்குள் கையை விட்டுப் பென்சிலால் குறிப்பார். ஒவ்வொரு டேக்கிளுக்கும், அதாவது எதிராளியைப் பிடித்து மடக்கும் ஒவ்வொரு பிடிக்கும், ஒரு கோடு, நாலு கோடு ஆனதும் ஐந்தாவது குறுக்கே. ஆட்டம் முடிந்ததும் அதை உடைமாற்றும் அறையில் சத்தமாகப் படிப்பார்கள். ட்ரை அடித்தவன் பெயர் வருவதற்கு முன்னால் டேக்கிள் கணக்குத்தான் வரும். பாயிண்டே எடுக்காத ப்ராப் அங்கே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்று, இது லீக். தோற்றால் வீட்டுக்குப் போவது கிடையாது. டிவிஷன் டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள், மேலே வருகிறவன் மேல் டிவிஷனுக்குப் போவான், அடியில் கிடப்பவன் கீழே இறங்குவான், ஆனால் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நிச்சயம், அதுவும் ஏறத்தாழ நம் பலத்துக்குச் சமமான அணியோடு. நம்ம பக்கத்து நாக் அவுட்டை யோசித்துப் பார். 32 அணி வருகிறது, முதல் சுற்றிலேயே 16 அணி காலி. சாயங்காலம் போய், பேர் கொடுத்து, ராத்திரி ரெண்டு மணி வரை கொசுக்கடியில் காத்துக் கிடந்து, ஒரே ஆட்டம் தோற்றுவிட்டு வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற பையன் எத்தனை வருஷம் தாங்குவான்?

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கிளப் கட்டடத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள். பை என்று இறைச்சி வைத்த பண்டம், கூட மசித்த பட்டாணி. எனக்கு ஹலால் பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெண்டாவது வாரமே சமையல்கார அம்மா என் தட்டில் பட்டாணியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். அதற்கப்புறம் சனிக்கிழமை ஓவர்டைம் கேட்டு நான் போனதே இல்லை.

பாம்பன் பெருசு

நல்லாத்தான் சொல்லியிருக்கிறீர்கள் தம்பி. ஆனால் காசு முக்கியம் இல்லை என்கிற மாதிரி இங்கே யாரும் பேச வேண்டாம். விசைப்படகில் போகிறவனுக்கு மாதச் சம்பளமா கொடுக்கிறார்கள்? கடலுக்குப் போனால் பங்கு, போகாவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு போட்டிக்காக அவன் ஒரு நடை விட்டால் வீட்டில் அரிசிக்கு யார் பதில் சொல்வது? கைவிரல் பிசகிவிட்டால் வலை இழுக்க முடியாது, பத்து நாள் போச்சு. வெள்ளைக்காரனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம், அவன் சந்தா கட்டி ஆடுவான். நம்ம பையன் அப்படி ஆடவில்லை என்று அவன் மேல் குறை சொல்லக் கூடாது.

கீழக்கரை டு வேக்ஃபீல்டு

பெரியவரே, நீங்கள் சொன்ன இதே சண்டையில்தான் ரக்பி லீக் என்ற ஆட்டமே பிறந்தது, நிஜமாகவே. வடக்கு இங்கிலாந்தில் அன்றைக்கு ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள், நூற்பாலைக்காரர்கள். சனிக்கிழமையும் வேலை. ஆட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகும். போன கூலியை மட்டும் ஈடுகட்டுகிறோம், ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கிறோம் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. ரக்பி சங்கத்தை நடத்திய வசதிக்காரர்கள் முடியாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் பிரிந்து வந்துவிட்டன. 15 பேர் ஆடியதை 13 ஆகக் குறைத்தது, பிடிபட்டவன் எழுந்து பந்தைப் பின்னுக்கு உருட்டுவது, இதெல்லாம் 1906இல் வந்த மாற்றம். 1898இல் சம்பளம் கொடுக்கலாம் என்று அனுமதித்தபோது கூட, ஆடுபவனுக்கு முறையான வேலை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

அதனால் காசு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இழந்த கூலியை ஈடுகட்டுவது வேறு, பரிசுத்தொகையை ஏற்றுவது வேறு. முதலாவது உழைக்கிறவன் ஆடுவதற்கு வழி விடுகிறது. இரண்டாவது என்ன செய்கிறது என்று நம்ம ஊரிலேயே பார்க்கலாம். பரிசு பெரிதானதும் வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருவார்கள், உள்ளூர்ப் பையன் வெளியே உட்காருவான்.

தொண்டி லெஃப்ட் கவர்

காக்கா கடைசியாகச் சொன்னது என் கதை. நான் நின்றுபோன ஆள்தான், அதனால் எழுதுகிறேன். அணி பேர் வேண்டாம்.

போட்டி என்றால் வேனில் எங்களையும் ஏற்றுவார்கள். அங்கே போனால் ரெண்டு கார்னருக்கும் மெயின் ரெய்டுக்கும் வெளியூர் ஆட்கள் தனி பைக்கில் வந்து இறங்குவார்கள். நான் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டு இருப்பேன். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் ஜெயிக்கிற ஆட்டத்தில் கலைக்கக் கூடாது என்பார்கள், தோற்கிற ஆட்டத்தில் இப்போது வேண்டாம் என்பார்கள். தப்பாக ஆடிவிட்டால் திட்டுவாங்கலாம், அது ஒரு மரியாதை மாதிரி. ஆடவே விடாமல், அடுத்த வாரம் உனக்கு இடம் உண்டா இல்லையா என்று யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் இருந்தார்கள் பாருங்கள், அதுதான் என்னால் முடியவில்லை. ஜெயித்த பணத்தில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள், ஒழுங்காகவே கொடுத்தார்கள். அதை வாங்கும்போது கூசியது.

இப்போதும் கபடி என்றால் உயிர். ஆனால் அந்த வேனில் ஏற மாட்டேன்.

உச்சிப்புளி பி.டி. டீச்சர்

லெஃப்ட் கவர் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கூச்சத்துக்கு ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் ஒரு சோதனை வெளியிட்டார். கல்லூரிப் பசங்களுக்குக் கட்டை வைத்து வடிவம் அமைக்கும் புதிர் கொடுத்தார். ஒரு பிரிவுக்கு முடித்த ஒவ்வொரு புதிருக்கும் காசு, இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பிற்பாடு காசை நிறுத்தியதும், காசு வாங்கிய பசங்க ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. அவரும் ரிச்சர்ட் ரயனும் பிறகு சேர்ந்து சொன்ன விஷயம் விளையாட்டில் ரொம்பப் பயன்படுகிறது: தன் விருப்பத்தில் செய்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது வருகிறது, இன்னும் நன்றாக வரும் என்ற நம்பிக்கை, இவர்களில் நான் ஒருத்தி என்ற ஒட்டுதல். இந்த மூன்றும் கிடைக்கிற இடத்தில் பிள்ளைகள் தங்குகிறார்கள்.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நான் தினமும் பார்ப்பது அதைத்தான். பக்கத்தில் நிற்பவளைவிட நான் பெரியவள் என்று காட்டுவதில் மட்டும் சந்தோஷம் காண்கிற பிள்ளை, தன்னைவிடப் பெரிய ஆள் எதிரே வந்த அன்றைக்குச் சுருங்கிவிடுகிறது. போன வாரம் வராத பிடி இந்த வாரம் வந்தது என்று சந்தோஷப்படுகிற பிள்ளை தோற்றாலும் மறுநாள் வருகிறது. பயிற்சியாளர் எதைக் கவனித்துச் சொல்கிறார் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் இதில் ஒரு பக்கம் சாய்கிறார்கள்.

நம்ம போட்டிகளில் சிறந்த ரெய்டர், சிறந்த கேட்சர் என்று இரண்டு கோப்பை. பிடி விழுந்தால் கார்னர் பெயர்தான் மைக்கில் வரும். அவனோடு கைகோத்து, ரெய்டர் கோட்டுக்குத் திரும்ப முடியாதபடி மறித்து நின்ற கவர் பெயர் வராது. அவன் அரை நொடி முந்தி நகராவிட்டால் அந்தப் பிடியே விழுந்திருக்காது. வேக்ஃபீல்டுப் பெரியவர் பென்சிலால் போடுகிற கோடு இங்கே அவனுக்குத்தான் வேண்டும். என் பள்ளிப் பெண்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், துணைப்பிடி என்று ஒரு பத்தி, அதில் யார் யார் மறித்தார்கள் என்று எழுதுவோம். இப்போது கவர் இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள்.

பெண்களுக்கு இதோடு இன்னொன்றும் உண்டு. உடை மாற்ற ஓர் அறையும் இருட்டுவதற்குள் வீடு திரும்பும் நேரமும் இல்லாவிட்டால், நான் சொன்ன மூன்றையும் வைத்து ஒன்றும் ஆகாது. மின்னொளிப் போட்டிக்கு எந்த அம்மாவும் மகளை அனுப்ப மாட்டார்.

மண்டபம் கார்னர்

டீச்சர், காக்கா, ரொம்ப நன்றி. காயத்தைப் பற்றி ஒரு கேள்வி. அவ்வளவு மோதுகிற ஆட்டத்தில் வீட்டுக்காரர்கள் எப்படி விடுகிறார்கள்? இங்கே பாதிப் பேர் நிற்பது அம்மாவுக்குப் பயந்து.

கீழக்கரை டு வேக்ஃபீல்டு

அடிபடும், மறைக்க ஒன்றும் இல்லை. விரல், தோள்பட்டை, முட்டி எல்லாம் போகும். ஆனால் தலையில் அடிபட்டு ஒருவன் தடுமாறினான் என்றால், சந்தேகம் இருந்தாலே போதும், வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். 2023இல் அடிமட்ட விளையாட்டுகளுக்கென்று அரசு ஆதரவோடு வந்த வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாளைக்குப் போட்டிக்குத் திரும்பக் கூடாது. உண்மையான திருப்தி அங்கே தெரியும். உட்கார்ந்திருக்கிற மூன்று வாரமும் பயிற்சிக்கு வந்து கோட்டோரம் நிற்பான், தாளைப் பிடிப்பான், இடம் போய்விடுமோ என்ற பயம் கிடையாது. அவன் மனைவிக்கும் தெரியும், இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்தப் பக்கம் ஃபெதர்ஸ்டோன், காசில்ஃபோர்டு எல்லாம் சுரங்க ஊர்கள். 1984-85 வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். வேலை போனது, ஆட்டம் போகவில்லை. தாத்தா ஆடிய ஊர் அணியில் பேரன் ஆடுகிறான். அதற்கும் முன்னால், காசுக்கு ஆடாத அமெச்சூர் ஆட்டம் தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1973இல் அதே ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி அமெச்சூர்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். தொழில்முறை ஆட்டத்தின் நிழலில் காத்திருக்காமல் தாங்களே அட்டவணை போட்டார்கள். நாமும் புரோ கபடிக்காரன் எவனாவது வந்து எடுத்துக்கொள்வானா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எடுபடாத நூறு பேர் என்ன ஆவது?

சிட்னி மச்சான் (பூர்வீகம் தேவிபட்டினம்)

வயசு பற்றிக் கேட்டதால் சின்னத் தகவல். இங்கே ரக்பி லீக்கில் முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் என்று தனி ஆட்டம் உண்டு. வயதுக்கு ஒரு நிறத்தில் அரைக்கால் சட்டை. எதிரே வருபவனின் அரைக்கால் சட்டை நிறத்தைப் பார்த்தே அவனை எவ்வளவு வேகமாகப் பிடிக்கலாம், வெறுமனே தொட்டால் போதுமா என்று தெரிந்துவிடும். ஸ்கோர் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பார்க்க வந்த என் மாமனார் அடுத்த வாரம் பூட்ஸ் வாங்கிவிட்டார். கல்யாணம் ஆனவர்களுக்கு ஊரில் இப்படி ஒன்று வைக்கலாமே.

மண்டபம் கார்னர்

எல்லோர் பதிலையும் ரெண்டு தடவை படித்தேன். எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது, சரிப்படுமா என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இடைவெளியில் குறைந்தது எட்டு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். எட்டு ஊர் சேர்ந்தால் ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம், மொத்தம் 28. ஒரு ஞாயிறாவது மீதம் இருக்கும், மழை, திருவிழா, துக்கம் என்றால் அதில் தள்ளிவிடலாம். யாரும் முதல் நாளே வெளியேற வேண்டியதில்லை. ஊர்க்காரன் மட்டும்தான் ஆடணும், வெளியூர் ஆள் கிடையாது. வந்த பன்னிரண்டு பேரும் ஏதாவது ஒரு பாதியில் இறங்கியாக வேண்டும் என்று விதி. மாலை நாலரைக்கு ஆரம்பித்தால் விளக்கு வாடகை மிச்சம், பெண்கள் ஆட்டமும் ஒன்று வைக்கலாம். பரிசுக்கு வைத்திருந்த பணத்தை அடிபட்டவனுக்குக் கொடுக்கிற நிதியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், பெரியவர் சொன்ன அரிசிக்கு அது ஆகும்.

லெஃப்ட் கவர் தம்பி, தொண்டியிலிருந்து ஒரு அணி கட்டுவாயா?

பாம்பன் பெருசு

நல்ல யோசனை. ரெண்டு விஷயம் சேர்த்துக்கொள். தடைக்காலத்தில் படகு கரையில் ஏற்றி மராமத்து, பெயிண்ட் வேலை நடக்கும், பகலில் பசங்க அங்கேதான் இருப்பார்கள், அதனால் நாலரை வேண்டாம், ஐந்து மணி வை. அப்புறம் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அந்தப் பசங்களையும் கேட்டுத்தான் கிழமை முடிவு பண்ண வேண்டும். கொஞ்சப் பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விடுவான், அவனை எழுதி வைத்துவிட்டு ஏமாறாதே.

தொண்டி லெஃப்ட் கவர்

கட்டுகிறேன்ணே. ஒன்பது பேர் இப்போதே தேறும், எல்லாம் பழைய ஆட்கள். எடைப்பிரிவு வைப்பீர்களா? 60 கிலோ என்றால் நான் வெளியேதான்.

மண்டபம் கார்னர்

இந்த வருஷம் எடை பார்க்க வேண்டாம் தம்பி, ஆள் சேரட்டும். டீச்சர், அந்தத் துணைப்பிடி நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எட்டு ஊருக்கும் அதே மாதிரி அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

பாம்பன் பெருசு

தரையை யார் பார்க்கிறீர்கள்? அந்தத் திடலில் கருவேலமுள் கிடக்கிறது, வெறுங்காலோடு இறங்க முடியாது. மருமகனிடம் டிராக்டர் இருக்கிறது, பங்குனி முடிவதற்குள் ஒரு நாள் சொல், அனுப்பிவிடுகிறேன். டீசல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.